மாடிச் சபையும் மணிக்கூண்டும்

ஈப்போவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவரிடையே ‘கள்ளச் சபை’ என்னும் சொல் மிகவும் மலிந்துவிட்டது. கைதட்டிப் பாடினால் கள்ளச் சபை. கடைவீட்டு மாடியில் கூடினால் கள்ளச் சபை. அந்நிய பாஷை பேசினால் கேட்கவே வேண்டாம். மாடியில் கூடுவோரும் வாளாவிருப்பதில்லை. மணிக்கூண்டும் பீடமும் உடைய பழைய கோயிலைச் செத்த சபை என்றும் சொரூபத்தை வணங்கும் கூட்டம் என்றும் ஏசுகின்றனர். இவ்வாறு இரு தரப்பாரும் வீசி வீசி அச்சொல் தேய்ந்த காசாகிவிட்டது. உண்மையான வஞ்சகன் ஒருவன் வந்து, ஓய்வுபெற்ற தொழிலாளியின் சேமநிதிப் பணத்தைச் சுரண்டிச் செல்லும் நாளில், அவனைச் சுட்டிக்காட்ட ஒரு சொல்லும் எஞ்சியிராது.

கொள்கை வேற்றுமை ஒன்று. மனிதரை அடிமைப்படுத்தும் வஞ்சகம் மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பம் புதியதன்று. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் மிஷனைச் சேர்ந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, அங்கிருந்த ஐரோப்பியக் குருவோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டார். கால்டுவெல் 1849இல் நாடார் குலத்தாரைத் தாழ்த்தி எழுதிய நூலும் அம்மக்கள் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தது. 1857இல் அவர்கள் தனிச் சபை கண்டனர். நாட்டுச் சபை என வழங்கப்பெற்ற அது, ஐரோப்பிய வழிபாட்டு முறையை உதறிச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கிக்கொண்டது. பழைய ஏற்பாட்டுச் சடங்குகள் பலவற்றை எடுத்தாண்டது. அதன் போதனையில் பிழை காண்போர் காணலாம். ஆயினும் அங்கே எழுந்த கேள்வி, தமிழன் தன் சபையைத் தானே ஆளலாமா என்பது. அக்கேள்விக்கு விடையிறுப்பதைவிடப் பிரிவினைக்காரன் என்று பட்டம் சூட்டுவது மிஷனுக்கு எளிதாயிருந்தது.

அதே நூற்றாண்டில் திருவிதாங்கூரில் நிகழ்ந்தது வேறு வகை. தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் திருமுழுக்குப் பெற்று, ஆங்கிலிக்கன் குருவாகவும் விளங்கிய யூஸ்துஸ் யோசேப்பைச் சார்ந்த கூட்டம், கர்த்தர் 1881இல் வருவார் என்று நாள் குறித்தது. ஆண்டு கடந்தது. அதன் பின்னரும் அக்கூட்டம் அடியோடு கலையவில்லை. யுயோமயம் என்னும் புதிய மார்க்கமாக உருமாறியது. நாள் குறிக்கும் ஆசை அத்துடன் ஓய்ந்ததா? தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்னும் போதகர் 1992 அக்டோபர் 28ஆம் நாளைக் குறித்தார். நம்பியவர்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றார்கள். போதகரோ அந்நாளுக்குப் பின்னர் முதிர்வடையும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! உலகம் முடியும் என்று ஊருக்கு உரைத்தவருக்கு அதில் நம்பிக்கையில்லை போலும். மோசடிக் குற்றத்துக்காக அவர் சிறை சென்றார்.

திருச்சபைக்குத் தன் எல்லையை வகுக்கும் உரிமை உண்டு என்பதை எவரும் மறுக்க இயலாது. 325இல் நிக்கேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலும் கூடிய சங்கங்கள் வகுத்தளித்த விசுவாச அறிக்கையைக் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் லுத்தரனும் மெதடிஸ்டும் பொதுவாக ஏற்கின்றனர். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவொரு கடவுளை அறிக்கையிடுவதே அவ்வெல்லையின் முதற்கல். மெதடிஸ்ட் சபையின் திருமுழுக்கைச் செல்லும் என ஏற்கும் ரோமாபுரி, மார்மன் சபையின் திருமுழுக்கு செல்லாது என்று 2001இல் அறிவித்தது. யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தை மறுப்பதால் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். இதைத் தெளிவாகச் சொல்வதில் பகைமை ஏதுமில்லை. சொல்லாமல் மழுப்பி, ‘எல்லாரும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தானே’ என்று சிரித்துக்கொண்டு நகர்வோர், தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதைக் கற்பிக்காமல் விடுகின்றனர்.

ஆனால் எல்லைக்கு வெளியே நிற்பவன் குற்றவாளி அல்லன். 1985இல் கேரளத்தில் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், நாட்டுப்பண் பாடப்படும்போது எழுந்து நின்றனர், பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. மறு ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், மரியாதையாக எழுந்து நின்ற பிள்ளைகள் எவரையும் அவமதிக்கவில்லை என்று கூறி, மீண்டும் சேர்க்குமாறு ஆணையிட்டது. ஆசிரியர்கள் படித்தறிய வேண்டிய தீர்ப்பு அது.

எல்லைக்குள் நின்றவர் எல்லாரும் நல்லவரா என்றால், அதுவும் இல்லை. ஜிம் ஜோன்ஸ் அமெரிக்காவின் பெருந்திருச்சபை ஒன்றில் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர். அவரை நம்பிக் கயானா காட்டுக்குச் சென்றவர்களில் 900க்கும் மேற்பட்டோர் 1978 நவம்பர் 18ஆம் நாள் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் சிறார். கென்யாவின் ஷாகஹோலா காட்டில், பட்டினி கிடந்து கிறிஸ்துவைக் காணலாம் என்னும் போதனையை நம்பிச் சென்றோரின் சடலங்கள் 2023இல் தோண்டத் தோண்ட வந்து 400ஐக் கடந்தன.

இவையெல்லாம் தொலைதேசத்துச் செய்திகள் என்று பேராக் வாசிகள் ஆறுதல் கொள்வதற்கில்லை. 1880களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரைத் திரட்டிக் குடியமர்த்திய ரெனே ஃபே போன்ற குருக்களின் காலத்தில், கோயில் மக்களைத் தேடிச் சென்றது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. லயத்தைக் காலி செய்த குடும்பம் ஈப்போவின் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அண்டை வீட்டார் பெயர் தெரியாது. பங்கிலிருந்து யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாடிச் சபையின் போதகர் முதல் வாரமே வந்து கதவைத் தட்டுகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் தம் காரிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். அவரையா கள்ளன் என்பது? அவரைப் போலவே கதவைத் தட்டும் இன்னொருவர், மருந்து விசுவாசக் குறைவு, எண்ணெய் பூசி ஜெபித்தால் போதும் என்கிறார். நீரிழிவு நோயாளியான தாய் இன்சுலினை நிறுத்துகிறாள். இவ்விருவரையும் ஒரே பெயரிட்டு அழைக்கும் ஊரில், அந்தத் தாய் யார் சொல்வதை நம்புவாள்?

பாடும் முறையையும் கூடும் கட்டடத்தையும் விட்டுவிட்டு இவற்றைக் கேட்க வேண்டும். நோயாளி மருந்து உண்ணத் தடையுண்டா? 2003 முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளை பள்ளிக்கு வருகிறதா, உபவாசக் கூட்டத்தில் உறங்கிக் கிடக்கிறதா? தசமபாகப் பணத்துக்கு யாருக்கேனும் கணக்குக் காட்டப்படுகிறதா? (ஊழியன் என்ற சொல்லுக்கு வேலையாள் என்று பொருள். சில ஊழியக்காரர் வீட்டுக்குச் சென்றால் எசமானர் எவர் என்பது விளங்கும்.) இவை அனைத்தினும் முதன்மையானது, விலக நினைப்பவனுக்கு வழி உண்டா என்பது. ‘வெளியே போனால் சாபம், பிள்ளை பிழைக்காது’ என்று மிரட்டுவதும், விலகிய மகனோடு தாய் பேசக் கூடாதென்று தடுப்பதும் எந்தச் சபையில் நிகழ்ந்தாலும், அங்கே நிக்கேயா விசுவாச அறிக்கை பிழையறச் சொல்லப்பட்டாலும், அது மனிதரைப் பிணைத்து வைக்கும் கூட்டமே.

இக்கேள்விகளை மாடியை நோக்கி மட்டும் கேட்பது நேர்மையாகாது. மரபுச் சபைகளின் வாசலிலும் இவற்றைக் கேட்க வேண்டும். ஞாயிறுதோறும் மாடிச் சபைகளைச் சாடும் கோயில்களுள் எத்தனை, சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கைத் தம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கின்றன? அடுக்குமாடியின் நான்காம் மாடிக்கு எத்தனை பேர் ஏறிச் சென்றார்கள்?