கண் எரிச்சலுக்கு ஆளிவிதை எண்ணெய் குடிக்கலாமா?

''எனக்கு 52 வயது. நெல்லும் உளுந்தும் சாகுபடி செய்கிறேன். இரண்டு வருடங்களாகக் கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தல், எரிச்சல். சாயங்காலம் ரொம்பவே அதிகம். 'கண் உலர்வு' என்று மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். தெரிந்தவர்கள் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். மாதம் 900 ரூபாய் ஆகிறது. ஆளிவிதை எண்ணெயும் அதே பலனைத் தரும் என்கிறார்கள். சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு இவற்றில் ஒன்றைச் சாப்பிடலாமா?''
- வாசகர், மன்னார்குடி.

சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

கண்ணின் மேல் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. மூடாக்கு போட்ட நிலத்தில் ஈரம் சீக்கிரம் காயாது அல்லவா? கண்ணுக்கு அந்த வேலையைச் செய்வது இந்தப் படலம்தான். இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சுரப்பிகள் இந்த எண்ணெயைச் சுரக்கின்றன. வயதாக ஆக எண்ணெய் கெட்டியாகி வாய் அடைத்துக்கொள்ளும். கண்ணீர் வேகமாக ஆவியாகும். மிச்சமிருக்கும் நீரில் உப்பு கூடி, கண்ணின் மேற்பரப்பில் அழற்சி உண்டாகும். அழற்சியால் உலர்வு இன்னும் கூடும்.

மீன் எண்ணெய் இங்கேதான் வருகிறது. சூரியகாந்தி எண்ணெயில் நிறைய இருக்கும் ஒமேகா-6 கொழுப்பிலிருந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களை உடல் தயாரிக்கிறது. ஒமேகா-3 கொழுப்பு அதனோடு போட்டி போட்டு அதைத் தணிக்கும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பலனும் தெரிந்தது. ஆனால், அமெரிக்காவில் 535 பேரிடம் ஒரு வருடம் சோதித்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. ஒரு தரப்புக்குத் தினமும் 3 கிராம் மீன் எண்ணெய் ஒமேகா-3, மறு தரப்புக்கு ஆலிவ் எண்ணெய். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரு தரப்புக்கும் தொந்தரவு குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில்! இவர்கள் எல்லாம் வழக்கமான சொட்டு மருந்தையும் தொடரலாம் என்றே அனுமதி இருந்தது.

ஆளிவிதை இன்னும் ஒரு படி பின்னால். அதிலுள்ள ஒமேகா-3-ஐ, மீனில் இருக்கும் வகையாக உடல் மாற்ற வேண்டும். மாறுவது கொஞ்சமே. இட்லிப்பொடியில் வறுத்து அரைத்துச் சேருங்கள், நல்ல உணவு. மீன் சாப்பிடுபவர் என்றால் வாரம் இரண்டு முறை மத்திச் சாளை போதும். விலையும் குறைவு. மாதம் 900 ரூபாய் கொடுத்து மாத்திரை வாங்க நான் சொல்லமாட்டேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் மீன் எண்ணெய் மாத்திரை எடுக்கக் கூடாது.

செலவில்லாத சிகிச்சை ஒன்று உண்டு. சுத்தமான துணியை, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஆற ஆற மாற்ற வேண்டும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவிவிடுங்கள். தினமும் இரண்டு வேளை, சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் தெரியும். நெல் தூற்றும்போது கண்ணாடி போடுங்கள். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் படுங்கள். சளி, அலர்ஜி மாத்திரைகள் சில கண்ணை உலர்த்தும். அப்படி ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள்.

இதையும் கவனியுங்கள். நெல் தாளோ, உமியோ கண்ணில் பட்டு, ஒரு கண்ணில் மட்டும் வலி, சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி என்று வந்தால் அது உலர்வு அல்ல; பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். தாய்ப்பால், இலைச்சாறு எதையும் விடாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

என்ன சொட்டு மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. செயற்கைக் கண்ணீர் என்றால் கவலையில்லை. ஸ்டீராய்டு என்றால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வாங்கி ஊற்றினால் கண் அழுத்தம் ஏறிவிடும். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.