கணக்கு வராது என்று யார் சொன்னது?

புள்ளியியலில் முதுகலை படிக்க ஆசைப்பட்டு வரும் தம்பி தங்கைகளிடம் நாங்கள் முதலில் கேட்பது மதிப்பெண்ணை அல்ல, பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பதை. பெரும்பாலும் ஆர்ட்ஸ் குரூப். "கணக்கு உனக்கு வராது" என்று பத்தாவது முடித்த கையோடு யாராவது ஒரு ஆசிரியர் சொல்லியிருப்பார். வீட்டில் எதிர்த்துக் கேட்க ஆள் இருந்திருக்காது. எங்களில் பலருக்கும் நடந்ததுதான். சமூகவியலில் முதுகலை முடித்து, களத்தில் அலைந்த பிறகும் அட்டவணையைக் கண்டால் எங்கள் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவும்.

அந்தத் தாவலுக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. ஒரு தெருவில் பத்துக் குடும்பம் என்று வையுங்கள். ஒன்பது வீட்டில் மாதம் 10,000 ரூபாய், ஒரு வீட்டில் மட்டும் 1,10,000. சராசரி 20,000 என்று போட்டு, தெருவே முன்னேறிவிட்டதாக அறிக்கை எழுதலாம். இடைநிலை அளவைக் கேட்டால் 10,000தான் வரும். இதைப் பிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். ஆனால் 800 வீடுகளில் 50ஐ மட்டும் பார்த்துச் சொன்ன முடிவை எவ்வளவு நம்பலாம்? நிலமும் படிப்பும் சமமாக இருந்தும் கூலியில் வித்தியாசம் மிஞ்சுகிறதா? முதல் கேள்விக்கு நிகழ்தகவும் அதற்கு அடியில் தொகை நுண்கணிதமும் வேண்டும். இரண்டாவதற்கு அணிகள் தெரிய வேண்டும்.

1931க்குப் பிறகு நாடு முழுவதற்குமான எல்லாச் சாதிகளின் கணக்கும் வெளியிடப்படவில்லை. 2027 கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அந்த எண்கள் வரும்போது, அவற்றுக்கு விளக்கம் சொல்லும் இடத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சரி, எங்கே தொடங்குவது? கோச்சிங் சென்டரில் அல்ல. தமிழ்நாடு பாடநூலின் பதினொன்றாம் வகுப்புக் கணிதம், இரண்டாம் தொகுதி. அணிகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவு எல்லாம் அந்த ஒரே புத்தகத்தில், தமிழிலேயே இருக்கின்றன. அடுத்து பன்னிரண்டாம் வகுப்பின் நிகழ்தகவுப் பரவல்கள். பிறகு என்பிடெல் காணொளிகள், காசில்லாமல். டிகிரி முடித்தவர் பஸ்ஸில் பள்ளிப் புத்தகத்தை விரிக்கக் கூசும், தெரியும். விரியுங்கள். ஒரு முழு வருடம் ஒதுக்குங்கள். மென்பொருளில் பட்டன் அழுத்தக் கற்றுக்கொண்டால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

தகுதி விதிகளையும் முதலிலேயே பாருங்கள். பல பல்கலைக்கழகங்கள் இளங்கலையில் கணிதமோ புள்ளியியலோ கேட்கின்றன. இடஒதுக்கீடு நம் உரிமை, அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் முதல் செமஸ்டரிலேயே மெய்ப் பகுப்பாய்வு வந்து நிற்கும். அரியர் விழுந்தால் "கோட்டாவில் வந்தது" என்று சொல்லக் காத்திருக்கும் வாய்கள் உண்டு. அந்த வாய்களுக்காக அல்ல, அந்த நேரத்தில் நாம் தனியாக உடைந்து போகாமல் இருக்கத்தான் இந்த ஒரு வருடம்.

எங்களில் நான்கைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை நூலகத்தில் உட்கார்கிறோம். இப்போது நிகழ்தகவுக்கு வந்திருக்கிறோம். பயிற்சி 12.1ல் ஒரு கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டோம், போன வாரம்தான் சரியாக வந்தது.