வீதி யாருக்கு, நிலம் யாருக்கு?

கொழும்பு மாநகரின் போக்குவரத்து நெருக்கடியைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இல்லை. எழுதாத பத்திரிகையும் இல்லை. ஆயினும், அந்தப் பேச்சையும் எழுத்தையும் சற்றே ஊன்றி நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். அங்கே கணக்கெடுக்கப்படுவன வாகனங்கள், மனிதர் அல்லர். ஒரு சந்தியை ஒரு மணி நேரத்தில் எத்தனை வாகனங்கள் கடக்கின்றன என்று எண்ணுவோர், எத்தனை மனிதர் கடக்கின்றனர் என்று எண்ணுவதில்லை. அவர்களுடைய ஏட்டில் பஸ் வண்டி என்பது இரண்டு மூன்று கார்களின் இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு தொல்லை. அதனுள் நெருக்கியடித்து நிற்கும் அறுபது பேர் அந்த ஏட்டில் இடம்பெறுவதில்லை. இதைக் கணக்குப் பிழையென்று கருதிவிடலாகாது. இது ஒரு வர்க்கத்தின் கணக்கு.

இந்த நகரம் எக்காலத்திலும் இவ்வாறே இருந்ததன்று. 1899ஆம் ஆண்டு முதல் கொழும்பு வீதிகளில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. அவற்றை நடத்தியது பூஸ்டெட் என்ற ஆங்கிலக் கொம்பனி. 1929இல் அக்கொம்பனியின் தொழிலாளர்கள் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது மருதானையில் பொலிசார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. 1944இல் ட்ராம் சேவை மாநகர சபையின் கைக்கு வந்தது. 1953இல் மின்சாரத்தில் ஓடும் ட்ரொலி பஸ்களும் வந்து சேர்ந்தன. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை முழுவதும் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. இலாபம் தரும் பாதையில் மட்டும் ஓடிய முதலாளிகளின் பஸ்களுக்குப் பதிலாக, இலாபம் தராத ஊருக்கும் பஸ் போகவேண்டும் என்ற கொள்கை அன்று அரசின் கொள்கையாயிற்று.

பின்னர் நிகழ்ந்தது என்ன? 1960இல் ட்ராம் நின்றது. 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. இன்று பஸ் சாரதிகள் வீதியில் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பாய்வதைக் கண்டு கற்றோர் முகஞ் சுளிக்கின்றனர். அந்தச் சாரதியின் கூலி அன்றன்றைய வசூலிலேதான் தங்கியிருக்கிறது. மாலையில் உரிமையாளருக்குரிய தொகையைக் கட்டிய பின்னர் எஞ்சுவதே அவனுக்கும் நடத்துனருக்கும் சோறு. அவனை முரடன் என்று ஏசுவது எளிது. அவனை ஓட வைக்கும் ஏற்பாட்டை எவர் ஏசுகின்றார்?

அண்மைக்கால வரலாறு இன்னும் தெளிவான பாடம் புகட்டுகிறது. மாலபேயிலிருந்து ராஜகிரிய வழியாக நகருக்குள் வரும் பாதையின் நெரிசலை அறியாதவர் இல்லை. 2018 ஜனவரியில் ராஜகிரியவில் மேம்பாலம் திறக்கப்பட்டது. அந்தச் சந்தியில் காத்துநின்ற வாகனங்கள் அடுத்த சந்தியில் காத்துநிற்கத் தொடங்கின. அதே திசையில், கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீற்றர் நீளத்தில், 16 நிலையங்களுடன் இலகு ரயில் பாதை ஒன்று திட்டமிடப்பட்டிருந்தது. 2019 மார்ச்சில் யப்பானுடன் கடன் உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. 0.1 வீத வட்டி. 40 ஆண்டுகளில் மீளச் செலுத்தலாம். முதற் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். 2020 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. செலவு மிகுதி, கொழும்புக்கு ஏற்றதன்று என்பதே சொல்லப்பட்ட காரணம்.

பொதுமக்கள் ஏறும் ரயிலுக்கு மட்டும் செலவு மிகுதியாம்! தாமரைக் கோபுரத்தைக் கட்டுவதற்குச் சீனாவிடம் கடன் வாங்கியபோது இந்தச் சிக்கன ஞானம் எங்கே போயிருந்தது? அந்தக் கோபுரம் ஒரு தொழிலாளியையேனும் வேலைத்தலத்துக்குக் கொண்டுசெல்லுமா?

நம்மவரிற் சிலர், "அந்நியக் கடனை முற்போக்காளர் ஆதரிக்கலாமா?" என வினவுவர். நியாயமான வினா. கடன் கடனே, கொடுப்பவன் தன் கொம்பனிகளின் நலனை மறந்து கொடுப்பதில்லை. ஆனால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டவர்கள் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துக் கைவிட்டார்களா? அவர்கள் கடன் வாங்குவதை நிறுத்தவில்லை. பொதுப் போக்குவரத்துக்குக் கடன் வாங்குவதையே நிறுத்தினர். 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. கடனின் சுமையை மக்கள் தோளில் ஏற்றி, அதன் பயனை மட்டும் வேறொரு வகுப்பாருக்கு வழங்கியதே நிகழ்ந்தது.

வீதியைப் பற்றிய இவ்வினா நிலத்தைப் பற்றிய வினாவினின்றும் பிரிக்க இயலாதது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. வீடு கட்டும் வேலைக்கும் படைக்கும் என்ன உறவு என்பதை அவ்வாண்டு மே மாதத்திலேயே கொம்பனித்தெரு மியூஸ் வீதியின் மக்கள் அறிந்துகொண்டனர். இராணுவமும் பொலிசும் சூழ்ந்து நிற்க அவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. அதிகார சபை தானே எடுத்த கணக்கின்படி, கொழும்பில் 68,812 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் ஏறத்தாழ 900 ஏக்கரில் வாழ்ந்தன. அந்த நிலத்தை "விடுவிப்பது" திட்டத்தின் நோக்கம் என்றனர். யாரிடமிருந்து விடுவிப்பது? அதில் பிறந்து வளர்ந்தவர்களிடமிருந்து! அறுபத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு 900 ஏக்கர் அதிகம் என்றவர்களே, காலிமுகத்துக்கு அருகில் 269 ஹெக்டேயர், அதாவது 660 ஏக்கருக்கு மேல், கடலைத் தூர்த்துச் செல்வந்தருக்குத் துறைமுக நகரம் அமைக்கச் சம்மதித்தனர்.

"அப்படியாயின் ஏழைகள் சேரியிலேயே கிடக்கவேண்டும் என்கிறீர்களா?" என்று சினந்து கேட்போர் உளர். இல்லை. குழாய் நீரும் மலசலகூடமும் உள்ள வீடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது. அதைத் தருமமாகப் போடவும் வேண்டியதில்லை, விலைக்கு விற்கவும் வேண்டியதில்லை. நிகழ்ந்தது யாதெனில், கொம்பனித்தெரு ஜாவா லேன் போன்ற இடங்களில் உறுதியுடைய, கல்லால் கட்டிய வீடுகளும் "சேரி" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டன. வீட்டை இழந்தவர்களே மாடிக் குடியிருப்பில் ஓர் அறைத்தொகுதிக்குப் பத்து இலட்சம் ரூபாவைத் தவணையில் கட்டவேண்டும் என விதிக்கப்பட்டது. வாசலில் அப்பம் சுட்டு விற்ற பெண் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை விடியுமுன் நடந்தே வேலைக்குப் போனவன். இப்பொழுது மின்தூக்கிக்கும் பஸ்ஸுக்குமாகக் காத்துநிற்கிறான். அவனுடைய பிள்ளை பழைய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி வருகிறது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் வரவுப் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாலே போதும். நகர அபிவிருத்தியின் ஒரு பக்கம் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

ஏழையை வேலைக்குத் தூரமாக்குகின்றனர். அந்தத் தூரத்தைக் கடக்கும் பஸ்ஸையும் ரயிலையும் கைவிடுகின்றனர். அவன் விட்டுச் சென்ற நிலத்தில் எழும் மாடிகளின் கார்களுக்காக மேம்பாலம் கட்டுகின்றனர். மூன்றும் ஒரே காரியம்.

தமிழ் எழுத்தாளரும் ஆசிரியரும் இதைத் தமக்குப் புறம்பான கொழும்புச் செய்தியென ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. நிலம் என்றால் வடக்கையும் கிழக்கையும் மட்டும் நினைக்கிறோம். அங்கே படையினர் பிடித்த காணிக்காகக் குரல் கொடுத்தது நியாயமே. அதே பாதுகாப்பு அமைச்சு தலைநகரில் வீடிடித்தபோது நமது குரல் ஏன் ஒலிக்கவில்லை? கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வனாத்தமுல்லையிலும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே குழாயடியில் வரிசை நின்றவர்கள். இனங்களின் ஒற்றுமையை மேடையில் தேடுவோர், அது நாள்தோறும் வாழப்பட்ட அந்த முடுக்குகள் இடிபட்டபோது அங்கே இருந்திருக்கவேண்டும்.

நாம் கோரவேண்டியவை தெளிவானவை. வாகனங்களை அல்ல, மனிதரை எண்ணித் திட்டம் தீட்டுக. வீதியின் அகலத்தில் பஸ்ஸுக்கு முதலுரிமை வழங்குக. சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம் உறுதி செய்க. குடியிருப்போரின் சம்மதமின்றி ஒரு வீட்டிலும் கைவைக்காதிருக்க. மறுகுடியமர்த்த வேண்டின், அதே அயலிலேயே, உறுதியுடன் வீடு வழங்குக. இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் குடியிருப்பு மக்களோடு சேர்ந்து எழுப்பவேண்டும். 1929இல் மருதானைத் தெருவில் நின்றவர்கள் எந்த இனத்தார் என்று துப்பாக்கி கேட்கவில்லை. இன்று வீடிடிக்கும் இயந்திரமும் கேட்பதில்லை.