உட்கார்ந்து ஜெயித்த தலைவர்!

தலைவன் என்றால் யார்? எல்லோருக்கும் முன்னால் நிற்பவனா? உரக்கப் பேசுபவனா? எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்பவனா?

இந்தக் கேள்விக்கு ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் நல்ல பதில் கிடைத்தது.

1969-ம் ஆண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். "பாஸ்டன் செல்டிக்ஸ்" அணிக்கும் "லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ்" அணிக்கும் இறுதிப் போட்டி. மொத்தம் ஏழு ஆட்டம். முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்கே பட்டம்.

மூன்று ஆட்டம் முடிந்தபோது, லேக்கர்ஸ் இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தது. செல்டிக்ஸ் ஒன்று. நான்காவது ஆட்டத்தில் இன்னும் சில விநாடிகளே பாக்கி. செல்டிக்ஸ் ஒரு புள்ளி பின்தங்கி நின்றது. பந்து அவர்கள் கையில். இதில் தோற்றால், பட்டம் ஏறக்குறையப் போன மாதிரிதான்!

தலைவர் செய்த காரியம்

செல்டிக்ஸ் அணியின் பயிற்சியாளர் பில் ரசல். அவரே அந்த அணியின் ஆட்டக்காரரும்கூட! ஏறக்குறைய 7 அடி உயரம். பாஸ்டன் அணி 13 ஆண்டுகளில் 11 முறை பட்டம் வென்றது. அந்தப் பதினொன்றிலும் ஆடியவர் அவர்.

அவர் என்ன செய்தார்? "பந்தை என்னிடம் கொடுங்கள்" என்று கேட்டாரா? இல்லை. தாமே வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்! எதிரியைத் தடுப்பதில் அவர் புலி. ஆனால் தூரத்திலிருந்து குறிபார்த்துப் பந்து போட அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அணியில் இருந்தார்கள். அந்த நேரத்துக்கு வேண்டியவர்கள் அவர்களே.

அப்போது ஆடிய உத்தியும் அவருடையது அல்ல. ஹாவ்லிசெக், சீக்ஃபிரீட் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் தங்கள் கல்லூரி நாளில் பழகிய உத்தி அது. அவர்கள் சொன்னார்கள், தலைவர் கேட்டார்.

சாம் ஜோன்ஸ் பந்தை எறிந்தார். அவருடைய கால் தடுமாறியது. பந்து வளையத்தில் பட்டுக் குதித்தது. பிறகு உள்ளே விழுந்தது! 89-க்கு 88. செல்டிக்ஸ் ஜெயித்தது.

குரு கற்றுக்கொடுத்த பாடம்

ரசல் இந்தக் குணத்தை எங்கே கற்றார்? அவருக்கு முன்னால் பயிற்சியாளராக இருந்த ரெட் ஆவர்பாக்கிடம் கற்றார். 1950 முதல் 1966 வரை அணியை நடத்தியவர் அவர். அவர் காலத்தில் மட்டும் 9 பட்டங்கள்!

ஆவர்பாக் பெரிய கோபக்காரர். ஆனால் அவர் கோபத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. திட்டினால் வீறுகொண்டு ஆடுகிறவர்களை உரக்கத் திட்டுவார். ஹெய்ன்சன் என்பவர் வாங்காத திட்டு இல்லை! திட்டினால் மனம் சுருங்குகிறவர்களைத் தொடமாட்டார். ஆளுக்கு ஆள் குணம் வேறு என்பது அவருக்குத் தெரியும்.

கூடைப்பந்தில் ஒரு பக்கம் ஐந்து பேர் ஆடுவார்கள். மற்றவர்கள் வெளியே காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருப்பதை அவமானமாக நினைப்பது வழக்கம். ஆவர்பாக் அதை மாற்றினார். நல்ல ஆட்டக்காரர் ஒருவரையே "ஆறாவது ஆள்" என்று வெளியே வைத்தார். களத்தில் இருப்பவர்கள் களைத்த சமயம், அவர் புதுத் தெம்போடு உள்ளே புகுவார். முதலில் ராம்சே, பிறகு ஹாவ்லிசெக். வெளியே உட்கார்வது தண்டனை அல்ல. அதுவும் ஒரு பொறுப்பு என்று ஆக்கிக் காட்டினார்.

நிறத்தையும் அவர் பார்க்கவில்லை. 1950-ல் சக் கூப்பர் என்ற கறுப்பரை அவருடைய அணி தேர்ந்தெடுத்தது. அந்தப் பெரும் போட்டிக்கு எந்த அணியும் அதற்கு முன் ஒரு கறுப்பரைத் தேர்ந்தெடுத்ததில்லை. 1966-ல் தம் நாற்காலியை ரசலிடம் கொடுத்தார். அந்தப் போட்டியில் பயிற்சியாளரான முதல் கறுப்பர் ரசல்தான். ஊர் என்ன சொல்லும் என்று ஆவர்பாக் கவலைப்படவில்லை. இந்த வேலைக்கு யார் தகுதி என்று மட்டுமே பார்த்தார்.

எதிர்ப்பக்கம் நடந்தது

அந்த 1969 போட்டி ஏழாவது ஆட்டம் வரை போனது. லேக்கர்ஸ் அணியில் பெரிய பெரிய நட்சத்திரங்கள். ஆட்டம் நடந்ததும் அவர்கள் ஊரில்தான். வெற்றி விழாவுக்காகக் கூரையில் பலூன்கள்கூடத் தயார்!

கடைசிக் கட்டத்தில் லேக்கர்ஸின் முக்கிய ஆட்டக்காரர் சேம்பர்லேன் முழங்காலில் அடிபட்டு வெளியே வந்தார். சற்று நேரம் கழித்து, "நான் மறுபடியும் ஆடுகிறேன்" என்றார். பயிற்சியாளர் சம்மதிக்கவில்லை. இருவருக்கும் முன்பிருந்தே ஒத்துப்போகவில்லை. லேக்கர்ஸ் 106; செல்டிக்ஸ் 108. இரண்டே புள்ளியில் பட்டம் போயிற்று! பலூன்கள் கூரையிலேயே தங்கிவிட்டன.

அவரை உள்ளே விட்டிருந்தால் ஜெயித்திருப்பார்களா? அதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். ஒரு பக்கம், தலைவரும் ஆட்டக்காரர்களும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டார்கள். மறுபக்கம், அந்த ஒட்டுறவு இல்லை. அன்று 42 புள்ளி எடுத்த ஜெர்ரி வெஸ்ட், லேக்கர்ஸ் ஆட்டக்காரர். இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. விருது வந்தது; பட்டம் வரவில்லை!

நமக்கு என்ன?

அமெரிக்கப் பந்தாட்டம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நாலு பேர் சேர்ந்து செய்கிற காரியம் எல்லா இடத்திலும் இருக்கிறது. குடும்பம் இருக்கிறது. கடை இருக்கிறது. பள்ளிக்கூடம், தொழிற்சாலை, சங்கம் எல்லாம் இருக்கின்றன. எங்கும் ஒரு தலைவர் இருக்கிறார்.

"நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது" என்று பெருமையாகச் சொல்லும் தலைவர்கள் பலர். உண்மையில் அது பெருமை அல்ல, குறை. மற்றவர்களை வளர்க்கவில்லை என்பதற்கு அவர்களே கொடுக்கும் வாக்குமூலம் அது!

மகன் சொல்லும் யோசனை நல்லதாக இருந்தால், தகப்பன் ஏற்கலாம். மருமகளுக்குக் கணக்கு நன்றாக வந்தால், மாமியார் சாவியைக் கொடுக்கலாம். புதிதாக வந்த தொழிலாளிக்கு ஒரு வேலை நன்றாகத் தெரிந்தால், மேஸ்திரி ஒதுங்கி வழிவிடலாம். இதனால் யாருடைய மதிப்பும் குறையாது.

முன்னால் நிற்கத் தெரிந்தவர்கள் பலர். விலகி நிற்கவேண்டிய நேரம் தெரிந்தவரே தலைவர்!