முடிவு வர ஏன் மூன்று நாள்?

“சிறுநீர் கொடுத்து இரண்டு நாளாகிறது, இன்னும் ரிப்போர்ட் இல்லையாம். பாமசியில் நாலு குளிசை வாங்கிப் போட்டால் சுகமாகிவிடும்.” நான் வேலை செய்யும் கிராமங்களில் பெண்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. பஸ் செலவு, சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் சிரமம், ஒரு நாள் கூலி இழப்பு என்று பார்த்தால் அவர்களின் அலுப்பு நியாயமானதே. ஆனால் அந்த நாட்களில் ஆய்வுகூடத்தில் நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டால் நாம் அவசரப்படமாட்டோம்.

பற்றீரியா ஒன்று இரண்டாகப் பிளந்து, இரண்டு நான்காகிப் பெருகும். பெண்களின் சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை, நல்ல உணவும் சூடும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அப்படியே பெருகினால், ஒன்று 7 மணித்தியாலத்தில் 20 இலட்சத்தைத் தாண்டிவிடும். ஆய்வுகூடத்திலும் இதைத்தான் செய்கிறார்கள். உணவு கொடுத்து, உடற்சூடான 37 பாகை செல்சியஸில் வைத்து, கண்ணுக்குத் தெரியும் வரை பெருக விடுகிறார்கள்.

அந்த உணவு திரவமாக இருந்தால் பல வகைக் கிருமிகளும் ஒன்றாகக் கலந்துவிடும். உறைந்திருந்தால் ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே பெருகித் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். ஜேர்மன் விஞ்ஞானி ரொபர்ட் கொக் முதலில் உருளைக்கிழங்குத் துண்டுகளையும் பின்னர் ஜெலற்றினையும் பயன்படுத்தினார். ஆனால் ஜெலற்றின் உடற்சூட்டில் உருகியது. சில பற்றீரியாக்கள் அதையே தின்று நீராக்கின.

இதற்கு வழி சொன்னவர் ஓர் இல்லத்தரசி! கொக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வைத்தியர் வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபான்னி, தாம் ஜெலி செய்யப் பயன்படுத்திய அகாரை 1881இல் கணவருக்குப் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த அயலவர் ஒருவரிடம் அவர் கற்றது அது. ஒருமுறை உறைந்த அகார் சுமார் 85 பாகை வரை உருகாது. பெரும்பாலான பற்றீரியாக்களால் அதைத் தின்னவும் முடியாது. 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது கொக் அகாரைக் குறிப்பிட்டார். ஃபான்னியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இருப்பது அந்த அகார்தான்.

நோன்பு காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சி உறைய வைக்கும் கடற்பாசியும் இதுவே, சகோதரிகளே. அகார் தரும் ஒரு வகைப் பாசிக்கு ஆங்கிலத்தில் நமது நாட்டின் பெயரால் ‘சிலோன் மொஸ்’ என்றே பெயர்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். முதல் நாள் கிருமி வளர வேண்டும். வளர்ந்ததைப் புதிய அகாரில் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்த்த சிறு வட்டத் தாள்களை வைக்கிறார்கள். எந்தத் தாளைச் சுற்றிப் போதிய அகலத்துக்குக் கிருமி வளரவில்லையோ, அந்த மருந்து வேலை செய்யும். இதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

இடையில் நாமாக அன்ரிபயோட்டிக் குளிசை போட்டுவிட்டுச் சிறுநீர் கொடுத்தால், நோய் இருந்தும் தட்டில் கிருமி வளராமல் போகலாம். பொருத்தமில்லாத மருந்தோ, நோய்க்கிருமி பழகிப்போக இடம் கொடுக்கும்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

• மருந்து தொடங்குமுன் சிறுநீரைக் கொடுங்கள்.

• நீரால் கழுவி, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். போத்தலின் உட்புறத்தைத் தொடாதீர்கள்.

• தாமதிக்காமல் ஆய்வுகூடத்தில் ஒப்படையுங்கள். அங்கே சென்று சேரத் தாமதமானால் கிருமி போத்தலுக்குள்ளேயே பெருகி, முடிவு பிழைத்துவிடும்.

• ஏற்கெனவே ஏதும் குளிசை போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளும், குளிர்காய்ச்சலோ விலாவில் நோவோ உள்ளவர்களும் ரிப்போர்ட் வரும் வரை வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் தாய்க்கும் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் ஆபத்து. அப்படியானவர்களுக்குச் சிறுநீரை எடுத்த கையோடு வைத்தியரே மருந்தைத் தொடங்குவார். முடிவு வந்ததும் தேவையானால் மாற்றுவார்.

அதனால், அந்த ரிப்போர்ட்டை எடுக்க மறக்காமல் திரும்பிப் போங்கள். இரண்டாவது பஸ் செலவு வீண்போகாது.