கணக்குப் பரீட்சை: பேனாவா, கம்ப்யூட்டரா?



எங்க அண்ணன் மக இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கா. காமர்ஸ் குரூப். அடுத்து என்னன்னு வீட்டுல பேச்சு ஓடுது. அவ முன்னாடி ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அரசு தொழில்நுட்பத் தேர்வுல கணக்கியல் ஜூனியர் கிரேடு எழுதுறது. தட்டச்சு, சுருக்கெழுத்துப் பரீட்சை நடத்துற அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் இதையும் நடத்துது. பேனா பிடிச்சு எழுதுற பரீட்சை. இன்னொண்ணு, போளூருக்கு இறங்கிப் போய் டேலி கத்துக்கிட்டு, கம்ப்யூட்டர்லயே பரீட்சை முடிச்சு சர்டிபிகேட் வாங்குறது. புளி வித்த காசு இப்போதைக்கு ஒண்ணுக்குத்தான் வரும். எது மொதல்லன்னு கேக்குறாங்க.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். ஆனாலும் கணக்கு நோட்டு வெச்சு வெள்ளாமை பண்ணுறவன். அதனால எனக்கும் இதுல ஒரு கருத்து இருக்கு.

ஊர்ல ரெண்டு விதமா பேசுறாங்க. ஒரு கூட்டம், "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான், பேனாவுல எழுதி என்ன ஆகப்போவுது"ங்குது. இன்னொரு கூட்டம், "மலைப் புள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை வெச்சா எப்படி எழுதும், பேப்பரே போதும்"ங்குது. ரெண்டு பேச்சுலயும் பாதிதான் உண்மை.

மொதல்ல பேனா பக்கத்தைச் சொல்றேன். கணக்குல விடை மட்டும் முக்கியம் இல்ல, அது எப்படி வந்துச்சுங்கறதும் முக்கியம். எது பற்று, எது வரவு, எந்தப் பேரேட்டுல போகணும்னு ஒவ்வொரு படியா எழுதுனாத்தான் புள்ளைக்கு எங்க புரியலன்னு வாத்தியாருக்குத் தெரியும். நாலு விடை குடுத்து ஒண்ணைத் தொடச் சொன்னா, தெரிஞ்சு தொட்டவனும் குருட்டாம்போக்குல தொட்டவனும் ஒண்ணாத்தான் தெரிவான்.

மெஷின் தப்பே பண்ணாதுன்னு சிலர் நம்புறாங்க. மெஷின் கூட்டல்ல தப்பு பண்ணாது, சரி. ஆனா 18,000 ரூபாய்க்குப் புதுசா மோட்டார் வாங்கிட்டு, அதை ரிப்பேர் செலவுன்னு தட்டி வெச்சா, ரெண்டு பக்கமும் சரியாத்தான் நிக்கும். இருப்பாய்வு ஒரு பைசா வித்தியாசம் காட்டாது. ஆனா மோட்டார் சொத்துக் கணக்குல இருக்காது, அந்த வருஷ லாபமும் 18,000 கொறைஞ்சு காட்டும். இது தப்புன்னு சொல்ல, கணக்கு படிச்ச மனுஷன் வேணும்.

எனக்கே ஒண்ணு நடந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வியாபாரிகிட்ட ஆறு மூட்டை சாமை போட்டேன். வெதைக்கிறப்ப 3,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தேன். கடைசியில கம்ப்யூட்டர் பில்லு ஒண்ணு குடுத்தாங்க. பணம் கொறையுதேன்னு கேட்டா, அங்க இருந்த பையன், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது அண்ணே"ன்னுட்டான். வீட்டுக்கு வந்து எங்க பாப்பாகிட்ட காட்டினேன். அப்ப அவ பதினொண்ணாவது. நோட்டுல ரெண்டு பக்கமா கோடு போட்டு ஒவ்வொண்ணா எழுதினா. "சித்தப்பா, முன்பணத்தை ரெண்டு தடவை கழிச்சிருக்காங்க"ன்னா. மறுநாள் அந்த நோட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். பார்த்துட்டு 3,000 ரூபாயத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்தப் பையனுக்குத் தட்டத் தெரிஞ்சிருந்துச்சு. கணக்கு தெரிஞ்சது எங்க பாப்பாவுக்குத்தான்.

அதுக்காகக் கம்ப்யூட்டர் வேணாம்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா நம்ம புள்ளைங்க வாயில மண்ணு போட்ட மாதிரி ஆயிடும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களோட கணக்கை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு மத்திய அரசு 2022 ஜூன்லயே முடிவு பண்ணிடுச்சு. அப்ப அது நாடு முழுக்க 63,000 சங்கம், 2,516 கோடி ரூபாய்த் திட்டமா இருந்துச்சு. வங்கி கிளார்க் பரீட்சை முழுக்கக் கம்ப்யூட்டர்லதான் நடக்குது. நாளைக்கு நம்ம கடன் கணக்கைப் பார்க்குற நாற்காலியில மலைப் புள்ளை உக்காரணுமா, கீழ இருந்து வர யாரோ உக்காரணுமா? அதுதான் இங்க கேள்வி.

வெளி உலகத்துலயும் இது ஒரே மாதிரி இல்ல. நம்ம நாட்டு சி.ஏ. பரீட்சை இன்னிக்கும் பேனாவுலதான். இன்டர்லயும் பைனல்லயும் 2024 மே மாசத்துல இருந்து 30 சதவீதம் விடையைத் தேர்ந்தெடுக்குற கேள்வி, மீதி 70 சதவீதம் எழுதித்தான் காட்டணும். 1904ல லண்டன்ல தொடங்குன ஏ.சி.சி.ஏ. அமைப்பு பேப்பரை விட்டுட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிடுச்சு. ஆனா அங்க டிக் அடிக்கிறதோட முடியல. திரையிலயே கணக்குத்தாள் குடுத்து, போட்டுக் காட்டச் சொல்றாங்க. ஆக, கம்ப்யூட்டர்னாலே டிக் அடிக்கிறதுன்னு இல்ல.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வெச்சாங்களே க்யூட் நுழைவுத் தேர்வு, அதுல கணக்குப்பதிவியல் பாடம் பட்ட பாட்டைப் பாருங்க. 2022லயும் 2023லயும் கம்ப்யூட்டர். 2024ல பேனா பிடிச்சு ஓ.எம்.ஆர். தாள். 2025ல திரும்பவும் கம்ப்யூட்டர். 2024ல பேப்பருக்கு மாத்துனப்ப, புள்ளைங்களுக்குப் பக்கத்துலயே சென்டர் குடுக்கலாம்னு காரணம் சொன்னாங்க. அது நியாயமான காரணம். பேப்பர் பரீட்சையை பெஞ்சு இருக்குற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் நடத்தலாம். கம்ப்யூட்டர் பரீட்சைக்கு நூத்துக்கணக்குல மெஷின் வேணும், கரண்டு வேணும், நெட்டு வேணும். அது டவுன்லதான் இருக்கு. ஜமுனாமரத்தூர்ல இருந்து காலை எட்டு மணிக்கு டவுன் சென்டர்ல நிக்கணும்னா, முந்தின நாளே இறங்கி எங்கயாவது தங்கணும். பொட்டப்புள்ளைன்னா கூட ஒரு ஆளும் போகணும். அந்தச் செலவு எந்தப் பரீட்சைக் கட்டணத்துலயும் எழுதியிருக்காது.

சரி, நம்ம பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தைப் பொரட்டிப் பார்த்தேன். மொத்தம் பத்துப் பாடம். மொதப் பாடமே முழுமை பெறா பதிவேடுகள் பத்தினது, அதாவது அரைகொறையா கணக்கு எழுதி வெக்கிற நம்மள மாதிரி ஆளுங்க கதை. கடைசிப் பாடம் கணினிமயக் கணக்கியல், டேலி. நல்ல விஷயம்தான். ஆனா பரீட்சை எப்படி? 90 மார்க் எழுத்து, 10 மார்க் அகமதிப்பீடு. செய்முறையே கிடையாது. டேலி பாடத்தையும் பேனாவுலதான் எழுதணும். எந்த பட்டனை அமுக்குனா எந்த ஜன்னல் திறக்கும்னு மனப்பாடம் பண்ணி எழுதுது புள்ளை. நீச்சலைப் பத்திக் கட்டுரை எழுதுனா ஆத்துல நீந்திட முடியுமா?

டவுன் புள்ளை வீட்டுலயோ சென்டர்லயோ போய்க் கத்துக்கும். நம்ம புள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டா வேற இடம் இல்ல. இத்தனைக்கும் கம்ப்யூட்டர் இந்த மலைக்குப் புதுசும் இல்ல. இதே மலையில காவலூர்ல 1986ல இருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி வெச்சு நட்சத்திரம் பார்க்குறாங்க, அங்க எல்லா வேலையும் கம்ப்யூட்டர்லதான் நடக்குது.

அதனால நான் கேக்குறது இதுதான். இயற்பியல், வேதியியலுக்கு 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடுன்னு இருக்கு இல்லயா, அதையே கணக்குப்பதிவியலுக்கும் வைங்க. 70 மார்க் பேனாவுல எழுதட்டும், அடிப்படை அதுல தெரிஞ்சிடும். 20 மார்க்குக்கு மெஷின் முன்னாடி உக்கார வெச்சு, ஒரு மாசக் கடைக் கணக்கை ஏத்தச் சொல்லுங்க. அவங்கவங்க பள்ளிக்கூடத்துலயே நடத்துங்க, டவுனுக்கு அலைய விடாதீங்க. செய்முறைன்னு மார்க் வந்துட்டா பள்ளிக்கூடத்துக்கு மெஷின் வந்துதான் ஆகணும். மார்க் இல்லாததுக்கு எவனும் பணம் ஒதுக்க மாட்டான். அரசாங்கத்துக்கு இது தெரியாததும் இல்ல. அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற ஆபிஸ் ஆட்டோமேஷன் பரீட்சையில எழுத்தும் இருக்கு, செய்முறையும் இருக்கு. அங்க முடியுது, இங்க ஏன் முடியாது?

இனி வீட்டு விஷயம். எங்க பாப்பாவுக்கு நான் சொன்னது, மொதல்ல கையெழுத்துக் கணக்கியல் ஜூனியர் எழுதிடு. அடிப்படை கையில நின்னுடும். சாமை அறுத்ததும் டேலிக்குப் பணம் கட்டுறேன். கணக்கு தெரிஞ்சவளுக்கு டேலி பழக ரொம்ப நாள் ஆகாது. டேலி மட்டும் தெரிஞ்சவளுக்குக் கணக்கு தன்னால வராது. அவங்க அப்பனுக்கு இதுல முழுச் சம்மதம் இல்ல, சீக்கிரம் வேலை கெடைக்கிறது எதுவோ அதைப் படிக்கட்டும்ங்கறாரு. அவர் சொல்றதுலயும் தப்பு இல்ல, வீட்டு நெலமை அப்படி. முடிவு புள்ளையோடது.

மலையில காமர்ஸ் எடுத்த புள்ளைங்களைப் பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த பெற்றோர் கூட்டத்துல மார்க் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. டேலி பாடத்தை மெஷின்ல காட்டுனீங்களா, என் புள்ளை எத்தனை நாள் மெஷின்ல உக்காந்துச்சுன்னு கேளுங்க. நாலு பேர் சேர்ந்து கேட்டா அதுக்கு மதிப்பு தனி.

உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல எப்படி நடக்குதுன்னு எழுதுங்க.