வேடிக்கை பார்க்கவா மலையேறுவது?

தாமலிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போய் வந்தேன். ஏலகிரிக்குப் போகிற கூட்டம் ஜமுனாமரத்தூர் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அப்போ நமக்குப் பங்காளிங்கதானே!

நாம ஏரித் தண்ணியை நம்பி நெல்லோட நின்னுட்டோம். அவங்க மானாவாரியில் சாமையைக் காப்பாத்தி வெச்சிருக்காங்க. ஆனால் சாமையில் உமி நீக்குவது பெரும்பாடு. ரேஷன் அரிசி சுலபம். விலை கட்டுபடியாகலேன்னா சாமை போயிடும், விதையும் கூடவே போயிடும்.

வங்கியில் காலம் தள்ளியவன் சொல்றேன்: விதை லாக்கரில் பூட்டி வைக்கிற நகை இல்லை. வருஷா வருஷம் விதைச்சாத்தான் உயிரோட இருக்கும்.

அதனால் போகிறவங்க படம் பிடிக்கிறதோட திரும்பாதீங்க. பேரம் பேசாம சாமை வாங்கிட்டு வாங்க. வாரம் ரெண்டு நாளாவது வீட்டில் பொங்குங்க.